ஹாரன் கேட்டு வந்தவர்கள்

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நடுவட்டத்துக்கு மேலே, பனி மூடிய ஒரு வளைவில், ஐந்து பெண்கள் என்னைக் கொள்ளையடிக்க வருகிறார்கள் என்று மனதார நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. பர்ஸை எடுத்து பனியனுக்குள் போட்டுக்கொண்டேன். மோதிரத்தைக் கழற்றி வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டேன். ஐம்பத்து மூன்று வயதில், தொண்ணூறு கிலோ எடையில், பிக்கப் வண்டிக்குள் கன்னத்தில் மோதிரத்தோடு உட்கார்ந்திருந்த ஆள் நான்தான்.

நான் அவிநாசிக்காரன். பந்தலும் சேரும் வாடகைக்கு விடுவது தொழில். முந்நூறு பிளாஸ்டிக் சேர் இருக்கிறது, வீட்டில் புழங்குவது ஒன்றுதான். மனைவி சரோஜா பெங்களூரில் மகள் வீட்டில் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறாள். மூன்று மாதத்துக்கென்று போனவள், ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டில் இப்போது சத்தம் போடுவது நானும் ஃபிரிட்ஜும். அதிலும் ஃபிரிட்ஜ்தான் அதிகம் பேசும்.

சேர் ஏற்றுகிற பழைய வேன் ஆடி மாதத்தில் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. "மலைக்குப் போங்க, தேயிலை வெலை உழுந்து கெடக்குது. எலை ஓட்டுன பிக்கப்பெல்லாம் ஷெட்டுல சும்மா நிக்குது" என்றார் எங்கள் ஊர் மெக்கானிக். அடுத்தவன் கஷ்டத்தில் வண்டி வாங்கப் போகிறோமே என்று ஒரு நிமிஷம் உறுத்தியது. ஒரு நிமிஷம்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஊட்டியிலிருந்து நடுவட்டத்துக்கு பஸ். எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறினால் நூல் விலையைப் பற்றி நாலு பேர் கத்துவார்கள், ஐந்தாவது ஆள் காரணமில்லாமல் கண்டக்டரைத் திட்டுவான். இங்கே எல்லோரும் சால்வைக்குள் அடங்கிக் கிடந்தார்கள். முன் சீட்டில் இரண்டு பேர் மட்டும் படுக மொழியில் தணிந்த குரலில் பேசிக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவரிடம் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன்.

"எலையை இந்த வாரமாவது வெட்டப் போறியாங்கறான். வெட்டுற கூலி எலையில வராது, செடியிலேயே கெடக்கட்டுங்கறான்" என்று சொன்னவர், அதற்குப் பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் மறுபக்க ஜன்னலைப் பார்த்தேன். பச்சை, பச்சை, பச்சை. ஆள் ஒன்றுகூட இல்லை.

வண்டியை விற்றவர் பெயர் சம்பத். சின்னச் சின்னத் தோட்டக்காரர்களிடம் பச்சை இலையை எடை போட்டு வாங்கி, பேக்டரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏஜென்ட். இப்போது முன்னாள் ஏஜென்ட். அவர் வீட்டில் எனக்குக் காபி கொடுத்தார்கள்.

"டீ இல்லீங்களா?" என்றேன், சும்மா வாயை வைத்துக்கொண்டு இருக்காமல்.

"டீத்தூளைப் பார்த்தாலே வயிறு எரியுதுங்க" என்றார்.

வண்டி நன்றாக இருந்தது. நாலு மாதம் ஷெட்டில் நின்றிருந்தாலும் ஒரே திருகில் ஸ்டார்ட் ஆனது. உள்ளே ஏழு வருட இலை வாசனை. எல்லாம் பேசி முடித்து சாவியைக் கொடுக்கிற நேரத்தில், பானெட்டைத் தடவிக்கொண்டே, "இந்த ஹாரன் மட்டும் நான் கழட்டிக்கட்டுங்களா?" என்றார். கம்பெனி ஹாரன் இல்லை, அவர் தனியாக வாங்கிப் போட்டது. ஜோடி ஹாரன். ஒன்று அடித்தொண்டையில் உறும, மற்றது அதற்கு மேலே கூவும்.

இந்த இடத்தில் என் வியாபார மூளை விழித்துக்கொண்டது. "வண்டின்னா ஹாரனோடதானுங்களே?" என்றேன்.

அவர் பானெட்டிலிருந்து கையை எடுத்தார். "சரிங்க. ஆனா இந்த ரோட்டுல மட்டும் அடிக்காதீங்க."

ஏதோ பழகிய வண்டி மேல் பாசம் என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நடுவட்டம் தாண்டி ஊட்டி ரோட்டில் ஏறும்போது மழை பிடித்தது. நாலைந்து கிலோமீட்டர் போயிருப்பேன். டாஷ்போர்டில் இருக்கிற விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தது. கதவுகள் 'டக்'கென்று தானாகப் பூட்டிக்கொண்டன. திறந்தன. மறுபடி பூட்டிக்கொண்டன. வைப்பர் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடியது. அப்புறம் ஹாரன் ஆரம்பித்தது.

நான் அழுத்தவில்லை, சத்தியமாக. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து மேலே தூக்கிக்கூடக் காட்டினேன், யாருக்கு என்று தெரியவில்லை. ஒரு வளைவில் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். ஹாரன் நிற்கவில்லை. சாவியை உருவினேன். நிற்கவில்லை. உறுமலும் கூவலுமாக அந்தச் சத்தம் பள்ளத்தில் இறங்கி, எதிர்ச் சரிவில் ஏறி, திரும்பி என்னிடமே வந்தது.

அப்போதுதான் தேயிலைக்குள்ளிருந்து அவர்கள் வந்தார்கள். தலையில் சாக்கைக் கொங்காணி மாதிரி கவிழ்த்துக்கொண்டு, இடுப்பில் பிளாஸ்டிக் ஷீட் சுற்றிக்கொண்டு, கையில் முழ நீளக் கத்தரியோடு ஐந்து பெண்கள். ஓடி வந்தார்கள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சம்பத் வண்டியை விற்பார், ஹாரனில் ஏதோ செய்து வைத்திருப்பார், பனிக்குள் அது அலறும், கூட்டாளிகள் வந்து பிடுங்கிக்கொள்வார்கள். 'இந்த ரோட்டுல அடிக்காதீங்க' என்றது அவருடைய கடைசிச் சொட்டு மனசாட்சி. பர்ஸ் பனியனுக்குள் போனது. மோதிரம் வாய்க்குள் போனது.

ஹாரன் ஆரம்பித்த மாதிரியே சொல்லாமல் நின்றது. முன்னால் வந்த பெண் கத்தரியின் கைப்பிடியால் கண்ணாடியைத் தட்டினார். என் வயசுதான் இருக்கும். பின்னால் தெரிந்துகொண்ட பெயர் லெட்சுமி. கண்ணாடியை இரண்டு விரல் அகலத்துக்கு இறக்கினேன்.

"ஏஜென்ட் ஐயா வரல்லியாண்ணே? புது டிரைவரா நீங்க?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை என்றும் சேர்த்து.

"நாலு மாசமாச்சு இந்தச் சத்தம் கேட்டு! வெல ஏறினா வண்டி வரும், ஹாரன் கேட்டா கொழுந்தோட ஓடி வாங்கன்னு சொல்லிட்டுப் போனாரு. ஏறிருச்சா?" அவர் வண்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "தராசு எங்க?"

எனக்குப் புரிந்தது. கொள்ளைக்காரர்கள் இல்லை. என்னை நம்பி ஓடி வந்தவர்கள். அது இன்னும் மோசம்.

லெட்சுமி அக்கா கண்ணாடி இடுக்கில் வாயை வைத்து விவரம் சொன்னார். தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் தேயிலை. வாங்க ஆளில்லாமல் இலை முற்றிக்கொண்டே போகிறது. "இந்த வாட்டியும் போகல்லன்னா செடியக் கவாத்து வெட்டிப்போட்டு, திருப்பூர்ல மக வேல செய்யிற பனியன் கம்பெனிக்கே நானும் போயிர வேண்டியதுதாண்ணே. கவாத்து வெட்டினா அஞ்சாறு மாசம் கொழுந்தே கெடையாது. அதுவர என்னத்தத் திங்கிறது?"

திருப்பூர் எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அந்தக் கம்பெனி லைன் வீடுகளுக்கு நான் சேர் போட்டிருக்கிறேன். ஒரு அறை, நாலு பேர்.

'ஐயோ, இது சேர் ஏத்துற வண்டிங்க, நான் உங்க ஏஜென்ட் இல்லைங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். ஐந்து முகம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாயில் மோதிரம். கதவு தானாகப் பூட்டித் திறக்கிறது. நான் சொன்னது இது: "இன்னிக்கு இல்லீங்க. வெள்ளிக்கெழம."

அந்தக் கிழமை எங்கிருந்து வந்தது என்று அப்புறம் யோசித்துக் கண்டுபிடித்தேன். சேர் எப்போது வரும் என்று யார் போன் போட்டு நெருக்கினாலும் இருபது வருடமாக நான் சொல்கிற கிழமை அது. வாய் தானாகச் சொல்லும்.

"நிச்சயமாண்ணே?"

"நிச்சயமுங்க."

அவர்கள் சிரித்துக்கொண்டே தேயிலைக்குள் போய்விட்டார்கள். போகும்போதே கத்தரியைத் திறந்து மூடிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

வண்டியை எப்படியோ ஓட்டிச் சேர்த்து, ஊட்டியில் லாட்ஜ். அறையில் இரண்டு கட்டில், ஒன்றில் நான், ஒன்றில் என் பை. கம்பளி ஈரமாக இருந்தது. சரோஜாவுக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"சாப்ட்டீங்களா? ஏய், அதை வாயில வைக்காதே!" இரண்டாவது எனக்கில்லை, பேத்திக்கு. எனக்கும் பொருந்தியது. "வண்டி எப்படி?"

"ஹாரன் ஜம்முனு இருக்குது" என்றேன். மேற்கொண்டு சொல்வதற்குள் குழந்தை பாலைக் கொட்டிவிட்டது.

புதன்கிழமை மெக்கானிக்கை விசாரித்துக்கொண்டு, ஊட்டியிலேயே இருக்கிற காந்தலுக்குப் போனேன். மேட்டில் அடுக்கடுக்காய் வீடுகள். இரண்டு வீட்டுக்கு நடுவே தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் தங்கராசு. குடும்பமே கோயமுத்தூரிலிருந்து மேலே வந்ததாம். அவர் பேச்சைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

"ஏனுங்க, இது பேய் பிடிச்ச மாதிரியல்ல இருக்குது?" என்றார், டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டே. தலைகீழாகப் படுத்து, டார்ச்சை வாயில் கவ்வி, பத்து நிமிஷத்தில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கழற்றி வெளியே எடுத்தார். டிபன் பாக்ஸ் அளவு. கவிழ்த்தார். உள்ளேயிருந்து தண்ணீர் ஒழுகியது.

"இதுதானுங்க பாடி கன்ட்ரோல் மாட்யூல். லைட்டு, வைப்பரு, ஹாரனு, கதவுப் பூட்டு எல்லாம் இவன் சொன்னாத்தான் வேலை செய்யும். இவனுக்குள்ள தண்ணி பூந்து பின்னெல்லாம் பச்சை பூத்துக் கெடக்குது. அதான் வாய்க்கு வந்ததை ஒளறறான்."

தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் வைப்பருக்குக் கீழே இருக்கிற மூடியைத் திறந்தார். மழைத் தண்ணீர் வடிகிற வழி அங்கே இருக்கிறது. விரலை விட்டுக் குடைந்து ஒரு கைப்பிடி எடுத்துக் காட்டினார். கன்னங்கரேலென்று மக்கிய தேயிலை. ஏழு வருடமாகக் காற்றில் பறந்து உள்ளே இறங்கிய இலை. வடிகாலை அது அடைக்க, தண்ணீர் வேறு வழி தேடி நேராகப் பெட்டியின் தலையில் சொட்டியிருக்கிறது. ஆக, சம்பத் மேல் குற்றமில்லை. மனதுக்குள் அவரைக் கொள்ளைக்கூட்டத் தலைவன் ஆக்கியதற்கு மனதுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

"வேற பழைய பிக்கப்ல இருந்து ஒண்ணைப் புடுங்கி மாட்டிட்டா?" என்று அறிவாளியாகக் கேட்டேன்.

தங்கராசு சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் எழுந்துவிட்டது. "பொட்டிக்கும் உங்க சாவிக்கும் தாலி கட்டி வச்சிருக்குதுங்க. அடுத்தவன் பொட்டிய மாட்டினா உங்க சாவியை அது ஆருன்னு கேக்கும். ஸ்டார்ட்டே ஆகாது. புதுசுதான் வாங்கோணும். அதுலயும் லேப்டாப் வச்சு சாவியைப் பழக்கி உடோணும். அதுக்குக் கோயமுத்தூருல ஒரு ஆளு இருக்கறான், நாளைக்கே வரச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை விஷயத்தை அவரிடம் சொன்னேன். மோதிரத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை புதுப் பெட்டி பஸ் பார்சலில் வந்தது. வந்தது குன்னூருக்கு. கண்டக்டர் அங்கேயே இறக்கிவிட்டுப் போய்விட்டாராம். சரி, எனக்கென்ன வேலை, போனேன். பார்சலை வாங்கிக்கொண்டு தேயிலை ஏல ஆபீஸ் பக்கத்து டீக்கடையில் ஒரு வர்க்கியை நனைத்துத் தின்றேன். எங்கள் ஊர் வர்க்கி சும்மா பிஸ்கட், இங்கே நொறுங்கி நெஞ்சில் ஒட்டிக்கொள்கிறது. பக்கத்தில் இரண்டு கிளார்க்குகள். "இந்த வாரமும் பாதிதான் வித்துச்சு" என்றார் ஒருவர். மற்றவர் டம்ளரை ஆட்டி அடியில் இருந்த தூளைப் பார்த்தார். "நாம ரெண்டு பேரும் இன்னொரு டீ சொல்லுவோம். நம்மால முடிஞ்சது." இரண்டு பேரும் சிரிக்கவில்லை. டீ மட்டும் சொன்னார்கள்.

திரும்பி ஊட்டிக்கு மலை ரயில். மடியில் பெட்டியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு குடும்பம் போட்டோ எடுத்தது. "அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? ஃபிரேம்ல வர்றீங்க" என்றாள் ஒரு பெண், மரியாதையாகத்தான். தள்ளினேன். இன்னும் கொஞ்சம் என்றாள். இன்னும் தள்ளினேன். வெலிங்டன் வருவதற்குள் நான் ஃபிரேமை விட்டு முழுசாக வெளியே போயிருந்தேன்.

தங்கராசு பெட்டியை மாட்டினார். சாவியைத் திருகினேன். டாஷ்போர்டில் ஒரு பூட்டுப் படம் மட்டும் கண்ணடித்தது. வண்டி அசையவில்லை. லேப்டாப் ஆளுக்கு போன் போட்டார். காதுகுத்துக்குப் போயிருக்கிறாராம். "நாளான்னிக்கு வந்தர்றேன், சனிக்கெழம நிச்சயம்" என்றது அந்தக் குரல். அந்த 'நிச்சயம்' எனக்கு நன்றாகத் தெரிந்த நிச்சயம்.

"உடுங்க. போகலைன்னா என்னாகும்? உங்க பேருகூட அவுங்களுக்குத் தெரியாது" என்றார் தங்கராசு.

உண்மைதான். அன்று சாயங்காலம் ஏரிப் பக்கம் நடந்தேன். குதிரைக்காரர் ஒருவர் குதிரையில் ஏறச் சொல்லி என்னிடம் வந்தார், என் உடம்பைப் பார்த்தார், வேறு பக்கம் போனார். எங்கும் உட்கார மனமில்லை. அந்தக் கத்தரி சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இந்நேரம் வெட்டி முடித்திருப்பார்கள். வெட்டிய இலை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. இன்னொன்றும் இருந்தது, சொன்னால் என்ன, நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது: என்னை எதிர்பார்த்து யாராவது ரோட்டில் நின்று வெகுநாள் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை காலை தங்கராசு ஷெட்டைத் திறக்கும்போது நான் வாசலில் நின்றேன்.

"பழைய பொட்டியைத் திருப்பி மாட்டுங்க."

"ஏனுங்க, உங்களுக்குக் காய்ச்சலா?"

"அவனுக்கு என் சாவியைத் தெரியுமில்ல? ஒளறினாலும் ஸ்டார்ட் ஆவானில்ல?"

தங்கராசு கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். அப்புறம் வீட்டுக்குள் போய், மனைவி தலை காயவைக்கிற டிரையரை எடுத்து வந்து பெட்டியைக் காயவைத்தார். பின்களைத் தேய்த்தார். மாட்டினார். சாவியைத் திருகினேன், உறுமியது. "ஹாரன் ஃபியூஸை எடுத்துட்டேன், சத்தமில்லாமப் போயிட்டு வாங்க" என்று அந்தச் சின்ன ஃபியூஸை என் கையில் கொடுத்தார். டாஷ்போர்டுக்கு அடியில் எந்த இடத்தில் அது உட்காரும் என்றும் காட்டினார்.

பைக்காரா தாண்டியதும் ஓரங்கட்டினேன். ஃபியூஸைத் திரும்பச் சொருகினேன். ஹாரன் இல்லாமல் போனால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அது காத்திருந்த மாதிரி ஆரம்பித்தது. நான் ஒரு தடவைகூட அழுத்த வேண்டியிருக்கவில்லை. வளைவுக்கு வளைவு அலறியது. டூரிஸ்ட் கார்கள் ஒதுங்கின. மாடுகள் ஒதுங்கின. போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார், நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன், என் முகத்தைப் பார்த்துப் போகச் சொல்லிவிட்டார். நான் கணக்குப் போட்டது ஒரு வளைவுக்கு. ஹாரனுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைச் செய்தி பரவியிருக்கும் போல, முதல் வளைவிலேயே ஒரு கிழவர் சாக்கோடு நின்றார். அடுத்ததில் இரண்டு பெண்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, சாக்கைத் தூக்கிப் பின்னால் போட்டார்கள், சாக்கில் துணி கட்டி அடையாளம் வைத்தார்கள், கையை ஆட்டினார்கள்.

லெட்சுமி அக்கா கூட்டம் வளைவில் முன்னமே நின்றது. அக்காவுடைய சாக்கு மட்டும் ஆறு.

"வந்துட்டீங்களேண்ணே!" என்றார். அந்தக் குரலில் ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

"எந்த பேக்டரிக்குங்கக்கா போறது?" என்று கேட்டேன். ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குத் தெரியும் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். கடைசியில் லெட்சுமி அக்கா பக்கத்துக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். "கூடலூருக்குக் கீழ ஒண்ணு இருக்கு. வாங்க, கேட்டுப் பாப்போம்."

போகிற வழியில் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். தேங்காய் ரொட்டி, இடித்த மிளகாய்ச் சம்பல். இலங்கைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு சின்னப் பிள்ளையாக வந்தவராம். சம்பல் பட்டதும் என் காது அடைத்துவிட்டது. ஹாரன் சத்தம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது, நல்லதுக்குத்தான்.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். நான் ஏஜென்ட் இல்லீங்க. சேர் வாடகைக்கு விடறவன்."

"தெரியும்ணே."

"எப்படி?"

"ஏஜென்ட்டுன்னா மொதல்ல கொழுந்தக் கையில எடுத்துக் கசக்கிப் பாத்து, மோசம்னு சொல்லுவாரு. நீங்க எங்க மூஞ்சியத்தான் பாத்தீங்க." கொஞ்சம் ரொட்டியைப் பிட்டுக்கொண்டார். "ஆமா, அன்னிக்கு வாயில என்ன? நாங்க வெத்தலன்னு நெனச்சோம்."

சொன்னேன். இரண்டு வளைவு வரைக்கும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். அவர் என்னை அண்ணே என்றார், நான் அவரை அக்கா என்றேன். எங்களில் யார் மூத்தவர் என்பதை இரண்டு பேருமே தீர்த்துக்கொள்ள விரும்பவில்லை.

பேக்டரி கேட்டில் ஒரு கிளார்க். கூடலூர்ப் பக்கத்துப் பேச்சு, பாதி மலையாளம். சாக்கில் கையை விட்டு ஒரு கொத்து எடுத்தார். "ஏஜென்ட் இல்லாம எடுக்கான் பற்றில்ல சேட்டா. இன்னிக்கு எலை நெறஞ்சு போச்சு. பின்னே, இது மூத்த எலை" என்றார். ஏஜென்ட் இல்லாமல் எடுக்க முடியாது, இடமில்லை, இலையும் முற்றியது. மூன்று காரணம். ஒன்று போதும்.

லெட்சுமி அக்கா அவிழ்த்த சாக்கின் வாயைத் திரும்பக் கட்டினார். சாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பிப் போனால் அந்த ஆறு சாக்கும் செடிக்கு அடியில் கொட்ட வேண்டியதுதான், அதற்கப்புறம் கவாத்துக் கத்திதான் என்பது கிளார்க் உட்பட எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து ஹாரன் பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டு அடிப்பதெல்லாம் இல்லை. ஒரே மூச்சு. உறுமலும் கூவலும் தகரக் கூரையில் மோதி, பேக்டரியே கத்துகிற மாதிரி இருந்தது. உள்ளேயிருந்து ஆட்கள் வந்தார்கள். கிளார்க் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்: "ஆ சத்தம் நிறுத்து!"

"அது கெட்டுப் போச்சுங்க!" என்று நானும் கத்தினேன். பொய் இல்லை. ஆனால் ஃபியூஸ் இருக்கிற இடம் என் வலது முழங்காலுக்கு இரண்டு விரல் தள்ளி இருந்தது. என் கை அங்கே போனது. அங்கேயே நின்றது.

லெட்சுமி அக்கா என் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்புறம் கிளார்க்கின் காதுக்குப் பக்கத்தில் போய், "கொழுந்த எறக்கினா நிக்கும்!" என்றார்.

கண்ணாடி போட்ட ஒரு மேனேஜர் இறங்கி வந்தார். காதில் விரலை வைத்துக்கொண்டே சாக்கை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முற்றிய இலையைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டு மிச்சத்தை எடுக்கச் சொல்லி சைகை காட்டினார். ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார், இந்த ஒரு தடவை மட்டும் என்று. கடைசிச் சாக்கு தராசில் ஏறியதும் நான் ஃபியூஸைப் பிடுங்கினேன். எங்கோ ஒரு குருவி கத்தியது.

வளைவில் அக்காவை இறக்கிவிட்டபோது மழை விட்டிருந்தது. எல்லோருடைய எடைச் சீட்டும் அவர் மடியில் இருந்தது. அக்காவின் போன் நம்பர் என்னிடம், என்னுடையது அவரிடம்.

"அடுத்த வெள்ளிக்கு வருவீங்களான்னு கேக்க மாட்டேண்ணே, பயந்துராதீங்க" என்றார். "அன்னிக்கு நீங்க நிச்சயம்னு சொன்னது பயத்துலதான்னு எங்களுக்கு அப்பவே தெரியும். இருந்தாலும் வெட்டினோம். சத்தம் கேட்டுச்சே."

அன்று போலவே தலையை மட்டும் ஆட்டினேன். வாயில் மோதிரம்கூட இல்லை.

சனிக்கிழமை லேப்டாப் ஆள் உண்மையாகவே வந்தார். புதுப் பெட்டிக்கும் சாவிக்கும் தாலி கட்ட அரை மணி நேரம் ஆனது. தங்கராசு வடிகாலைச் சுத்தமாகக் குடைந்து, அந்த மக்கிய தேயிலையை ஒரு காகிதத்தில் மடித்து ஞாபகத்துக்கு என்று கையில் கொடுத்தார். வைப்பர் சொன்னால்தான் ஆடியது. கதவு சொன்னால்தான் பூட்டியது. குன்னூர் வழியாக மலை இறங்கி, மேட்டுப்பாளையம் வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றினேன். அவிநாசியில் வீட்டு வாசலில் நிறுத்தி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தேன். நன்றாகவே அடித்தது. யாரும் வரவில்லை. உள்ளே போனேன், ஃபிரிட்ஜ் பேசிக்கொண்டிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். அந்த ஒரு வெள்ளிக்கிழமைக் கொழுந்துதான் விலை போனது. அடுத்த சுற்றுக்கு வண்டி எதுவும் வரவில்லை, விலையும் ஏறவில்லை. கார்த்திகையில் லெட்சுமி அக்கா போன் செய்தார். செடியைக் கவாத்து வெட்டிவிட்டு, மகளிடம் திருப்பூருக்கே வந்துவிட்டாராம். தெருப் பெயர் சொன்னார். சேர் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் அந்தத் தெருவுக்குப் போனேன். ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக நின்றன, கதவு எண் எழுதிவைத்த சீட்டை எங்கேயோ விட்டுவிட்டேன். போன் போட்டிருக்கலாம், போடவில்லை. தெரு நடுவில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். நான்தான் அழுத்தினேன்.

ஒரே ஒருவர் வெளியே வந்தார்.